23 அடி ரோடு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கையில் வழவழவென்று ஒரு கலர் நோட்டீஸ். சிதம்பரம் ரோட்டில் புதிதாக மனை போட்டிருக்கிறார்களாம். அட்வான்ஸ் கொடுக்க மறுநாள் நல்ல நாள்.

"ஆன்ட்டி, நீங்க கவர்மென்ட்ல இருந்தவங்க. ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க. அப்ரூவ்டுதான்" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நோட்டீஸில் தென்னை மரம், ஊஞ்சல், சிரிக்கிற குடும்பம். பின் பக்கம் வரைபடம். மனைகளுக்கு மஞ்சள், பூங்காவுக்குப் பச்சை, ரோட்டுக்குச் சாம்பல் நிறம்.

"இந்த ரோடு யாருது?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "ரோடு எல்லாருக்கும் பொதுதானே ஆன்ட்டி?"

32 வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரும் இதே மாதிரி சிரித்தபடி இதே பதிலைச் சொன்னார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கதையை இதுவரை எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். 76 வயதில் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். தமிழ் எனக்கு வீட்டில் பாட்டியிடமிருந்து வந்தது. அதனால்தான் இங்கே ஒற்றுப் பிழைகள் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து யு.டி.சி.யாக 2009-இல் ஓய்வு பெற்றேன். அதில் பல வருஷம் ரோடு, கால்வாய் சம்பந்தமான ஃபைல்கள்தான் என் மேஜையில். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய ஃபைல் எதையாவது படிக்க வேண்டுமென்றால் "அந்த அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள்.

கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தேன். அவருக்கு வேலை சிப்காட்டில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையில். கடலூர் முதுநகரில் வாடகை வீடு. விடிகாலையில் அவர் ஷிப்ட் பஸ் ஏறிக் குடிகாடு பக்கம் போவார். நான் டிபன் பாக்ஸோடு புதுச்சேரி பஸ் ஏறுவேன். அவர் தெற்கே, நான் வடக்கே. ராத்திரி சாப்பிடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்போம்.

சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை அவருக்குத்தான் அதிகம். 1993-இல் ஒரு நாள் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். சிப்காட்டைத் தாண்டி ஓர் ஊராட்சியில் மனை போட்டிருக்கிறார்கள். அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி, 18,000 ரூபாய். மாதம் 500 வீதம் 36 மாதத் தவணை. ஊராட்சியின் பெயரையும் மனை போட்டவரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் இறந்துவிட்டார். இன்னொன்றில் இப்போது புது ஆட்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போனார்கள். முன்பு மல்லாட்டை போட்ட கொல்லை அது. ஒரு ஓரத்தில் சவுக்குத் தோப்பு மிச்சமிருந்தது. நம்பர் எழுதிய கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, நடுவில் செம்மண் கிராவல் கொட்டிய ரோடு. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. பந்தல் போட்டு எல்லோருக்கும் சாப்பாடு, பாயசத்தோடு.

மனை போட்டவர் வரைபடத்தை விரித்தார். மூலையில் ஊராட்சி முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார். எல்லா ரோடும் 23 அடி. இது பூங்கா" என்று பச்சைக் கட்டத்தில் விரல் வைத்தார்.

நான் கேட்டேன்: "ரோட்டுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் எழுதியாச்சா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேடம் எங்கே வேலை பார்க்கிறீங்க?" சொன்னேன். "அதானே பார்த்தேன். அதெல்லாம் பத்து வீடு வந்ததும் பஞ்சாயத்தே எடுத்துக்கும் மேடம். ஊர்ல எல்லா இடத்திலும் அப்படித்தான்."

என் வீட்டுக்காரர் சிரித்தபடி, "ரோடு எல்லாருக்கும் பொதுதானே, விடு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. முறையான ஒப்புதலோடு இருந்த மனை வேறு இடத்தில் இதைப்போல இரண்டு மடங்கு விலை. எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. சரி என்றேன்.

நான் சரி என்றதில் எங்களுக்கு மட்டும் நஷ்டமென்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. அதே வேனில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்காவும் வந்திருந்தார். புருஷன் இல்லை, இட்லிக் கடை வைத்துச் சேர்த்த பணம். அவர் எதையும் படிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. "சர்க்கார் ஆபீஸ்ல ரோடு ஃபைல் பார்க்கிற பொண்ணே வாங்குது, எனக்கு என்ன" என்று அடுத்தடுத்து இரண்டு மனைக்குப் பெயர் கொடுத்தார். எங்கள் தெருவில் இன்னும் நாலு குடும்பம் அதே காரணத்துக்காக வாங்கியது. பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

என்ன தெரிந்திருந்தும் நான் சும்மா இருந்தேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வயதுக்காரர்கள் பலர் பேரப்பிள்ளைகளுக்காக மனை தேடுகிற காலம் இது.

நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறவர்தான் அந்த மனைகளுக்குப் போகும் ரோட்டையும் போட்டு, ஏற்கெனவே உள்ள தெருவோடு சேர்த்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் வருஷ மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே நகராட்சிகளுக்கு இந்த விதி இருந்தது. ரோடு சரியாக இல்லையென்றால் நகராட்சி நோட்டீஸ் கொடுக்கலாம். கேட்கவில்லையென்றால் தானே வேலையைச் செய்து, செலவைத் தெருவோரம் நிலம் வைத்திருப்பவர்களிடம் வசூலிக்கலாம். அதாவது, மனை போட்டவர் தப்பித்துவிட்டால் பாரம் வாங்கினவன் தலையில். இது நூறு வருஷத்து நியாயம்.

பிறகு தமிழ்நாட்டுக்கு 1971-ஆம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன்படி மனைப்பிரிவின் வரைபடத்தை டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஊராட்சித் தலைவர் தன் முத்திரையை மட்டும் குத்தி மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்துவிட முடியாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ரோடுகளை உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டு இடம் என்று ஒதுக்கி, அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் முறையாகச் செய்தால் ரோட்டுக்கும் பூங்காவுக்குமாக மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டாலும் ஆச்சரியமில்லை. அதற்கு மேல் ஜல்லி, தார், வடிகால், விளக்குக் கம்பம் என்று செலவு. இதை மிச்சம் பிடிக்கிறவர்தான் பாதி விலைக்கு மனை தருகிறார். எங்களுக்குக் குறைந்த 18,000 ரூபாய் அந்த ரோட்டிலிருந்து குறைந்ததுதான்.

1996-இல் வீடு கட்டிக் குடி போனோம். இரண்டு மழைக்காலத்தில் செம்மண் கிராவல் கரைந்து பக்கத்துப் பள்ளத்தில் சேர்ந்தது. மூன்றாவது மழையில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், அங்கே டீக்கடையில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் கால் கழுவி பஸ் ஏறுவேன். ஆபீஸ் வாசலில் பியூன் என் காலைப் பார்த்துவிட்டு, "கடலூர்ல நேத்து மழையாம்மா?" என்பார்.

அவர் வேலை பார்த்த தொழிற்பேட்டையில் மட்டும் முதலில் ரோடு போட்டு, பிறகுதான் தொழிற்சாலைகள் வந்தன. லாரி போக ரோடு, தண்ணீர்க் குழாய், தெரு விளக்கு எல்லாம் முன்கூட்டியே. "எங்க கம்பெனி ஆசிட் லாரிக்குத் தார் ரோடு இருக்கு, எனக்கு இல்லை" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிக மோசமாக மாசுபட்டவை என்று 43 தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது கடலூரும் அதில் இருந்தது. அந்த நாற்றம் தெரிந்துதான் வாங்கினோம். சோறு போட்ட இடம். சேறுதான் நாங்கள் பேசி வாங்காதது.

மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. 1998 முதல் எத்தனை மனு எழுதினேன் என்று கணக்கில்லை. ஒரு தடவை நேரில் போனேன். அங்கே இருந்த இளம் குமாஸ்தா மரியாதையாக நாற்காலி போட்டு, ஃபைலைப் புரட்டி, அதில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்: சம்பந்தப்பட்ட பாதை தனியார் பெயரில் பட்டாவாக உள்ளதால், பொது நிதியிலிருந்து செலவு செய்ய வழியில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நானே என் ஆபீஸில் இருபது தடவையாவது எழுதியிருப்பேன். தனியார் நிலத்தில் அரசுப் பணத்தைப் போட்டால் ஆடிட்டில் கேள்வி வரும். அந்தப் பையன் செய்தது சரி. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது அந்த வாக்கியம் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியவில்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. கடலூரில் எத்தனை குடும்பங்கள் போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு கடலை விட்டுத் தள்ளி நிலம் தேடி வந்தார்கள். எங்கள் பக்கமும் மனை விலை ஏறியது. 2006-இல் ஒரு நாள் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தில் புதுக் கல் நட்டார்கள். இரண்டு மனையாகப் பிரித்து விற்றாகிவிட்டது. போய்க் கேட்டோம். "பட்டா என் பேர்லதானே இருக்கு" என்றார். உண்மை. சட்டப்படி அவர் நிலத்தை அவர் விற்றார். படத்தில் பச்சை அடித்ததற்குச் சாட்சி நாங்கள் சாப்பிட்ட பாயசம்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். மரமும் மின் கம்பமும் விழுந்து கிடந்த அந்த ரோட்டில் வெளியாள் யாரும் வரவில்லை. நாங்களே அரிவாள் எடுத்து வெட்டி வழி செய்தோம். 2013-இல் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். சேறு காய்ந்திருந்த மாசி மாதம். அந்த வகையில் நல்ல சாவு என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு நல்ல ரோட்டைப் பார்க்காமலே போனார்.

2015 நவம்பரில் கடலூர் வெள்ளக்காடானது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வாரம் இட்லிக் கடை அக்காவுக்கு மூச்சுத் திணறல். 108-க்கு போன் செய்தோம். வண்டி வந்தது, மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. உள்ளே அரை கிலோமீட்டர், முழங்கால் தண்ணீர், அடியில் பள்ளம் எங்கே என்று தெரியாது. நாலு பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தலை உயரத்துக்குத் தூக்கிப் போனார்கள். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன். பாதி வழியில் என்னைப் பார்த்து, "சாமி ஊர்வலம் மாதிரி இருக்குல்ல" என்றார். மூச்சு விட முடியாத நேரத்தில் சிரிக்க வேறு செய்தார்.

பிழைத்து வந்தார். பத்து நாள் கழித்துக் கஞ்சி கொண்டுபோனேன். "உன்னை நம்பித்தானே வாங்கினேன்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. பழைய கதை பேசுவது போலத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் அடிக்கடி பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டுவேன். ஒரு சரித்திரப் புத்தகத்தில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. 'மல்-லோத்தி'. தமிழில் சொன்னால், மனை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பாரிஸில் வீடு கிடைக்காத தொழிலாளர்களும் சிறு குமாஸ்தாக்களும் புறநகரில் தவணைக்கு மனை வாங்கினார்கள். தோட்டத்தையும் காட்டையும் துண்டு போட்டு விற்றார்கள். ரோடு இல்லை, சாக்கடை இல்லை, குழாய் இல்லை. மழை பெய்தால் சேறு. படித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். பாரிஸிலும் பாயசம் போட்டிருப்பார்களோ?

அவர்கள் செய்ததைக் கேளுங்கள். 1919-இல் ஒரு சட்டம் போட்டார்கள், போதவில்லை. 1924-இல், ரோடு முதலிய வேலைகளைச் செய்யாமல் மனையை விற்கக் கூடாது என்று இறுக்கினார்கள். அது புதிதாக வாங்குகிறவர்களுக்கு. ஏற்கெனவே சேற்றில் நின்றவர்களுக்கு 1928-இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. மனைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்தால், ரோட்டுச் செலவில் பாதியை அரசு கொடுக்கும். மீதிக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சட்டத்துக்கு அல்பேர் சாரோ என்ற அமைச்சரின் பெயர்தான் இன்றும். அவர் அதற்கு முன்பு குடியேற்ற நாடுகளுக்கு அமைச்சராக இருந்தவர். அதாவது நம் புதுச்சேரியும் அவர் கீழே இருந்தது.

எங்கள் ஊரின் பெருமையையும் சொல்லிக்கொள்கிறேன். புதுச்சேரியின் நேர்நேரான தெருக்களுக்கு 1690-களில் அந்த ஊரைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் படம் போட்டார்கள். தெரு முதலில், வீடு பிறகு. நான் படித்த பழைய ஃபைல்களில் 'அலிஞ்மான்' என்று ஒன்று வரும். தெரு ஓரம் சுவர் எழுப்புகிறவர் முதலில் மனுப் போட்டு, தெருவின் எல்லைக் கோடு எது என்று அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அஸ்திவாரம். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் காலையே வாரியது.

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம், ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. தமிழ்நாடே அதிர்ந்தது. பத்திர ஆபீஸ் வாசல்கள் வெறிச்சோடின. அக்கா தன் இரண்டாவது மனையைப் பேரன் படிப்புக்காக விற்கப் பேசி முடித்திருந்தார். பதிவு நின்றது; வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏற்கெனவே பத்திரமான மனைகளை மறுபடி விற்கப் பிறகு வழி விட்டார்கள். ஆனால் வரன்முறை செய்யாத மனையை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்?

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற, ஒப்புதல் இல்லாத மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுப்பார்கள். வரன்முறை இல்லையென்றால் கட்டட அனுமதி இல்லை. பேப்பரில் படித்த அன்றே எழுந்து வீடு வீடாகப் போனேன். 1928-இல் பாரிஸ்காரர்களுக்குக் கிடைத்தது நமக்கு இப்போது கிடைத்திருக்கிறது, விடக் கூடாது என்று எனக்குள் ஒரு வேகம். சங்கம் சேர்த்தோம். பணத்தை அக்கா வாங்கி நோட்டில் எழுதுவார். மனுக்களை நான் எழுதுவேன்.

ரோடு இன்னும் மனை போட்டவர் பெயரில்தான். அதைத் தானமாக எழுதி வாங்கினால்தான் உள்ளாட்சி கை வைக்க முடியும். அவரோ இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய தவணை ரசீதில் இருந்த முகவரியை வைத்து விசாரித்ததில் மகன்கள் இரண்டு பேரும் சென்னையில் இருப்பது தெரிந்தது. நானும் அக்காவின் பேரனும் பஸ் ஏறிப் போனோம்.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் பெரியவர், "அப்பா பேர்ல இன்னும் அங்கே நிலம் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார். சின்னவர் வரைபடத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கையெழுத்து அப்பாவோடது" என்றார். "இதுல எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவர்கள் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை. கேட்கவில்லை. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா நகல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க ஒன்றரை வருஷம் ஆனது. 2019-இல் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். ரோடு அன்றுதான் ரோடானது. 1993-இல் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

பிறகு சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார். படத்தில் 23 அடி. தரையில் ஓர் இடத்தில் 19, ஓர் இடத்தில் 17. மிச்சம் எங்கே போனது? ஒருவர் வாசற்படியை வெளியே இழுத்திருந்தார். ஒருவர் துளசி மாடம். ஒருவர் பைக் நிறுத்தத் தகரக் கொட்டகை. எங்கள் வாசலில் சர்வேயர் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். என் வீட்டுச் சாய்தளம் இரண்டரை அடி ரோட்டில் இருந்தது.

என் வீட்டுக்காரர் முடியாமல் இருந்தபோது, நாற்காலி வண்டி ஏற்றி இறக்கப் போட்ட சாய்தளம் அது. நானே மேஸ்திரியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் நீட்டிப் போடுங்க, சரிவு குறையட்டும்" என்று சொன்னேன். அலிஞ்மான் ஃபைல்களை வாழ்க்கை முழுக்கப் படித்தவள். எல்லைக் கோடு எது என்று யாரிடமும் கேட்கவில்லை. ரோடுதான் யாருடையதும் இல்லையே!

தெரு முழுக்க என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் தயங்கினால் ஒருவரும் இடிக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் ஆள் வைத்து முதலில் என் சாய்தளத்தை உடைத்தேன். அவர் வண்டியின் சக்கரம் தேய்ந்த தடம் சிமென்டில் இருந்தது. உடைக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரத்துக்குள் மற்ற வீடுகளின் படிகளும் உள்ளே போயின. தகரக் கொட்டகைக்காரர் மட்டும் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தார்.

2021-இல் சிமென்ட் ரோடு வந்தது. நடுவில் பன்னிரண்டு அடி, இரண்டு பக்கமும் மண் ஓரம். பெரிய அதிசயமில்லை. ஆனால் முதல் மழையன்று செருப்புப் போட்டுக்கொண்டே மெயின் ரோடு வரை நடந்து போய், டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். போக ஒரு வேலையும் இல்லை. பூங்கா போனது போனதுதான். அங்கே இரண்டு மாடி வீடுகள் நிற்கின்றன, அவர்களும் பாவம் விலை கொடுத்து வாங்கியவர்கள். அக்காவின் இரண்டாவது மனை வரன்முறையாகி, பேரன் அதில் வீடு கட்டியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த கார்கள் வாசல் வரை வந்தன. அக்கா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காராக எண்ணிக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டுப் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் இந்தக் கதையைச் சுருக்கித்தான் சொன்னேன். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். டி.டி.சி.பி. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். நோட்டீஸில் உள்ள படத்தையும் ஒப்புதலான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோட்டுக்கும் பூங்காவுக்கும் எழுதிய தானப் பத்திரத்தின் எண்ணைக் கேட்டு, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டு அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா எனப்படும் கட்டட மனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணையும் கேளுங்கள். கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் அழகுதான்.

"இதெல்லாம் கேட்டா அவர் தப்பா நினைச்சுக்க மாட்டாரா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நினைக்கட்டும். அன்னைக்கு நான் ஒருத்தர் தப்பா நினைச்சுக்குவாரேன்னு பார்த்தேன். அது தீர 28 வருஷம் ஆச்சு."

மறுநாள் ராத்திரி மாப்பிள்ளை போன் செய்தார். "ஆன்ட்டி, தானப் பத்திர நம்பர் கேட்டோம். அடுத்த வாரம் தர்றேன்னு சொல்றார். ஆனா இன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்தா விலையில குறைப்பாராம்."

"அட்வான்ஸையும் அடுத்த வாரமே கொடுங்க" என்றேன்.